அப்பாவின் அடுப்படிக்கு நீ வரைந்த படம்

ஜெரோம்,

இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றிக்கொண்டு, ஸ்டெல்லா போட்டுத் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். போனிலேயே பேசிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நீ "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாய். நான் "பரவால்ல" என்கிறேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவதுதான் கேட்கிறது. நீ இருக்கும் கிளமெண்டியிலிருந்து இந்தக் கேலாங்குக்கு வருவதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை, ஒரே ஊர்தான். ஆனாலும் அப்பாவின் காலில் கஞ்சி கொட்டிய நாளிலிருந்து நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. நீ ஏற்பாடு செய்த சாப்பாட்டுக் கேரியர் மட்டும் தவறாமல் மத்தியானம் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா இங்கே வந்திருந்தாள். நீ வரைந்து வைத்திருந்த வீட்டு வடிவமைப்புப் படங்களையெல்லாம் சுருட்டி அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டாயாம். அந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கப்போவதாகச் சொன்னாயாம். "அத்தை, அவரு பென்சிலயே தொட மாட்டேங்கிறாரு. நான் ஏதாச்சும் கேட்டா எந்திரிச்சு பால்கனிக்குப் போயிடுறாரு" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு பெண் மாமியாரிடம் வந்து அழக்கூடிய விஷயமா இது?

எனக்கு அலுப்பாக இருக்கிறது, ஜெரோம். ஆபரேஷன் செய்த இடம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு காலையும் மாலையும் அப்பாவின் காலைக் கழுவி, மருந்து தடவி, துணி மாற்ற வேண்டும். குனிந்தால் எனக்கு வலிக்கிறது, தொட்டால் அவருக்கு வலிக்கிறது. இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் "வலிக்கல" என்று சொல்லிக்கொள்கிறோம். இதில் உன்னையும் உட்கார வைத்துத் தேற்ற என்னிடம் தெம்பு இல்லை. ஆகவே உன்னைத் தேற்ற எழுதியதாக இதை நினைக்காதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான். நீ வரைந்து சம்பாதிக்கிறவன். நானும் ஜாலான் புசார் விளம்பர ஸ்டூடியோவில் எழுத்து வெட்டி ஒட்டியும் படம் வரைந்தும் குடும்பம் நடத்தியவள். கான்ட்ராஸ்ட், ஒயிட் ஸ்பேஸ் என்று நீயும் நானும் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொண்டிருந்தால் அப்பா, "ரெண்டு பேரும் தமிழ்ல சண்ட போடுங்கப்பா" என்பார். அந்தச் சொற்களெல்லாம் இந்த வீட்டில் எப்படிப் பயன்பட்டன என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது நீ சின்னப் பிள்ளை.

அப்பா துறைமுகத்துக் கேண்டீனில் சமையற்காரராக இருந்த காலம். எழுபதுகளின் தொடக்கம். அவர் தட்டில் சோற்றை மிச்சம் வைக்க ஆரம்பித்தார். நடுவில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, ஓரத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். "என்னங்க, சோறு மிச்சம் கெடக்கு?" என்றால் "சாப்ட்டேனே" என்பார். வேலை இடத்தில் எதையாவது தின்றுவிட்டு வருகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளைச் சோறு. அவர் விரல்கள் தட்டைத் தடவிக்கொண்டிருந்தன. இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவர்களைப் போல. கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த வாரம்தான் ஸ்டூடியோவில் ஒரு கூந்தல் எண்ணெய் விளம்பரத்துக்கு வெள்ளைத் தாளில் இளமஞ்சளில் எழுத்து வைத்திருந்தேன். முதலாளி மிஸ்டர் லிம் அதைச் சுவரில் மாட்டி, என்னை எதிர்ச் சுவர் வரைக்கும் பின்னால் போகச் சொன்னார். "இப்ப படிங்க" என்றார். படிக்க முடியவில்லை. "எழுத்து இருக்கு, ஆனா இல்ல. எழுத்துக்கும் தாளுக்கும் கான்ட்ராஸ்ட் இல்லாட்டி அப்படித்தான் லா" என்றார். மறுபடி என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில் கருநீலத் தட்டுகள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதில் சோற்றைப் போட்டு வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு சோறு நல்லாருக்கே. புது அரிசியா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டிருந்தது. போனது வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றார்கள். ஓரங்கள் முதலில் கரைந்தன, பிறகு நடுவும். கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவே அவரை வைத்துக்கொள்ள கேண்டீனில் பயந்தார்கள். மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தவர் மாதக்கணக்கில் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவர் மடியில் ஏறினால் மட்டும் சிரிப்பார். நான் வேலைக்கும் போய், சமைத்து, துவைத்து, உன் வீட்டுப்பாடத்தையும் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ ஆபீசுக்குப் போ. அடுப்படிய நான் பாத்துக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த அடுப்படிக்கு யாரும் படம் வரையவில்லை. அவர் எங்கே தடுமாறினாரோ அங்கே ஒரு மாற்றம் செய்தோம். உப்புக்கு வட்ட டின், சீனிக்குச் சதுர டின். அடுப்புத் திருகின் அணைக்கும் பக்கத்தில் என் நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காய விட்டேன், விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படட்டும் என்று. விளம்பரத்தில் எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அடுத்தது என்று நாம் வரிசை போடுவோமே, அதை அவர் கைக்குப் போட்டோம். அன்றாடம் வேண்டியது இடுப்புயரத்தில். எப்போதாவது வேண்டியது மேலே. பண்டிகைக்கு மட்டும் எடுப்பது அடியில். அடுப்புக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவில் ஒரு முழ இடத்தைச் சுத்தமாகக் காலியாக விட்டோம். சூடான சட்டியை யோசிக்காமல் இறக்கி வைக்க அந்த இடம். ஒரு தடவை நான் அங்கே தண்ணீர் ஜாடி ஒன்றை வைத்துவிட்டேன். "எடம் சும்மா இல்லம்மா, எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்று எடுத்துவிட்டார். ஒயிட் ஸ்பேஸ் என்று விளம்பரத் தாளில் காலியிடம் விட்டால் வாடிக்கையாளர்கள் "இங்க ஏன் ஒண்ணும் இல்ல?" என்று சண்டைக்கு வருவார்கள். மிஸ்டர் லிம் அவர்களுக்குச் சொல்லும் எந்தப் பதிலைவிடவும் அப்பா சொன்னது நன்றாக இருந்தது.

வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். ஒரு நாள் மாம்பழம் நறுக்கிவிட்டுக் கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அப்பா திட்டவில்லை. அடுப்படி நடுவில் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று, "ஜெரோம், கத்தி எங்கப்பா?" என்றார். அவர் அப்படி நின்றதைப் பார்த்து நீ கோவென்று அழுதுவிட்டாய். அதன் பிறகு நீ எதையும் இடம் மாற்றி வைத்து நான் பார்த்ததில்லை.

இத்தனையும் தெரிந்த பிள்ளை புது அடுப்படியை எப்படி இப்படிச் செய்தான் என்றுதானே உன்னை நீயே குடைந்துகொண்டிருக்கிறாய்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அடுப்படி பழையதாகிப் பலகைகள் உப்பிப் போயிருந்தன. நான் வீடு திரும்புவதற்குள் எனக்கு ஒரு புது அடுப்படி செய்து தர நினைத்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படத்தை விரித்துக் காட்டினாய். வெள்ளை வெளேரென்று கதவுகள், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஒரு மயிரிழை பிசகவில்லை. கைப்பிடியே கிடையாது, விரலால் அழுத்தினால் திறக்கும் என்றாய். தொட்டியை ஜன்னலுக்கு அடியில் மாற்றியிருந்தாய், வெளிச்சம் நன்றாக வரும் என்று. படத்தின் நடுவில் முகமில்லாத ஓர் ஆள் நின்றிருந்தான். "இது யாருப்பா?" என்று கேட்டேன். "யூசர்மா, பயன்படுத்துற ஆளு. சும்மா, அளவுக்காக" என்றாய். அந்த ஆள் அப்பாவைவிட உயரம். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். மருந்து மயக்கத்தில் சொன்னதல்ல அது. இன்றைக்குக் கேட்டாலும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்ததும் நீ அப்பாவின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருக்கிறாய். அவர் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நீ கிளமெண்டிக்குப் போனாய். நான் வீட்டுக்கு வந்து படுக்கையில் விழுந்தேன். மறுநாள் காலை, எனக்குச் சோறு வடித்து ரசம் வைக்கிறேன் என்று அவர் அடுப்படிக்குப் போனார். கதவுகளை அழுத்தும் சத்தமும் மூடும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். எழ முடியவில்லை. பானை விழுகிற சத்தம் கேட்டது.

கஞ்சி வடிக்கப் பானையைத் தூக்கிக்கொண்டு பழைய தொட்டி இருந்த பக்கம் திரும்பியிருக்கிறார். கை பல வருஷமாகப் பழகிய பக்கம். அங்கே தொட்டி இல்லை. பானையை இறக்கி வைக்கலாம் என்றால் காலியிடமும் இல்லை. அந்த இடத்தில் நீ எனக்காக வாங்கிய மைக்ரோவேவ் உட்கார்ந்திருந்தது. பானை அதன் விளிம்பில் இடித்துச் சாய்ந்துவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது தரையெல்லாம் சோறு. அவர் அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீ வராத, வழுக்கும்" என்றார். காலில் தோல் வழன்றுகொண்டிருந்தது. அப்போதும் நான் வழுக்கி விழுந்துவிடக்கூடாது என்ற நினைப்பு.

அப்பாவைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வார்டு வாசலோடு நின்றுவிட்டாய். "உள்ள வாடா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். அவ்வளவுதான் நீ எங்களைப் பார்த்தது.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தேன். புண் ஆறி வருகிறது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் கட்டுகிறது. நீ போனில் கேட்கிற கேள்விக்கு இதுதான் சரியான பதில்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இருந்த நாட்கள்தான் கொடுமை. அவர் மறுபடியும் அந்த ஹால் நாற்காலிக்குப் போய்விட்டார். கேரியர் சாப்பாட்டை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "போதும்" என்பார். எனக்குப் பழைய காலம் திரும்பி வந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. இன்னொரு முறை அதைத் தாங்கும் வயது எனக்கு இல்லை. ஒரு நாள் அடக்க முடியாமல், "ஆளக் கூப்பிட்டு எல்லாத்தையும் பேத்து எடுத்துடச் சொல்லவா? பழைய மாதிரியே வச்சிடுவோம்" என்றேன்.

மறுநாள் காலை கோப்பி குடித்ததும், "நாற்காலிய அடுப்படி வாசல்ல போடு" என்றார். போட்டேன். "நீ அதுல உக்காரு. நான் கேட்டா மட்டும் வாயத் தொற" என்றார். நொண்டிக்கொண்டே உள்ளே போனார். ஒவ்வொரு கதவாக அழுத்தினார். தட்டு வேண்டும் என்று நினைத்துத் திறந்தால் சோப்புத்தூள். மசாலா என்று திறந்தால் வெறும் குழாய். எல்லாம் ஒரே வழவழப்பு, ஒரே அகலம், திறந்தால் ஒரே சத்தம். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. "விடுங்க" என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போது கீழே இருந்த பெரிய இழுப்பறை அவர் கையில் அகப்பட்டது. இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த சட்டி பானை அத்தனையும் அவர் கைக்கு அடியில் வந்து நின்றன.

"ஏ, என்னா இது! பூராவும் வெளிய வருது!" என்றார். "முந்தியெல்லாம் பெரிய சட்டி வேணும்னா தரையில படுத்து கைய விடணும். இத யாரு யோசிச்சது?"

"உங்க மகன்தான்."

அதைத் தள்ளி மூடினார். மறுபடி இழுத்தார். உள்ளே கைவிட்டு ஒவ்வொரு சட்டியாகத் தொட்டு, இது குழம்புக்கு, இது பாலுக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு தொட்டி வரைக்கும் நடந்து பார்த்தார். திரும்பி வந்தார். "தொட்டி அங்கயே இருக்கட்டும். எனக்குப் பழகிடும். ஆனா நடுவுல எனக்குச் சட்டி எறக்க எடம் வேணும். அந்த மைக்ரோவேவ் பொட்டிய வேற எங்கயாச்சும் வைக்கச் சொல்லு. கதவெல்லாம் கைக்கு வேற வேறயா தெரியணும்" என்றார்.

"இத அன்னிக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அவன் என்னைக் கேக்கலயே. காட்டத்தானே செஞ்சான்."

கோபமாகச் சொல்லவில்லை. தொட்டி விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். நீ கோபமாகப் படித்துக்கொள்ளாதே. ஆனால் மறந்தும் விடாதே. கான்ட்ராஸ்டும் வரிசையும் காலியிடமும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படித்தவன். ஆனால் அதையெல்லாம் அந்த முகமில்லாத ஆளுக்குச் செய்துவிட்டாய். நீ அடுப்படியை அளவெடுத்தபோது அடுத்த அறையில்தான் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவரைச் சமைக்கச் சொல்லிவிட்டு நீ சும்மா நின்று பார்த்திருந்தால் போதும். உனக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இதற்காக நீ பென்சிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீ வேலையை விட்டால் அப்பாவின் கால் சீக்கிரம் ஆறப்போவதும் இல்லை. அந்த இழுப்பறையை யோசித்த தலைதானே உன்னுடையது.

நேற்று அவரே என்னைக் கிளப்பினார். டாக்சி பிடித்து ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கைப்பிடி வேண்டும் என்றார். கடைக்காரச் சீனர் ஒரே மாதிரிப் பித்தளைக் கைப்பிடிகளை எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பினார். அப்பா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "அடுத்தது வேற குடுங்க" என்று கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பஜார் மலாயில் சொன்னார். மர உருண்டை வந்தது. அடுத்தது வளையம். அடுத்தது நீளக் கம்பி. அதற்கடுத்தது சிப்பி மாதிரி வளைந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஒரு வீட்டுக்கா? சேராதே லா, பாக்க நல்லாருக்காது" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிப்பிக் கைப்பிடிக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டு, "எனக்கு நல்லாருக்கு" என்றார். அப்பாவின் கருப்புக் கண்ணாடியையும் கையிலிருந்த கோலையும் அப்போதுதான் கடைக்காரர் கவனித்தார். உடனே உள்ளே போய், எங்கெங்கோ கிடந்த ஒற்றைக் கைப்பிடிகளையெல்லாம் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்து, அப்பாவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தோம். வெளியே வந்தபோது எனக்குக் கால் கடுத்தது. அவருக்கு அலுப்பே இல்லை.

இப்போது அவையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கின்றன. எது எந்தக் கதவுக்கு என்று மனதில் முடிவு செய்துவிட்டார். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். "சொல்லுங்க, நான் எழுதி அனுப்புறேன். அவன் வரும்போது எல்லாம் தயாரா இருக்கும்" என்றேன். "வேணாம். அவன் வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "கேப்பான்ல?" என்றார்.

கேப்பான் என்று சொல்லிவிட்டேன், ஜெரோம்.

அம்மா